இறந்தவரிடம் டாரட் சீட்டு வைத்துப் பேசும் முறை

இலங்கை மலைநாட்டில் செத்தவரிடம் பேச ஏற்கெனவே இரண்டு வழி உண்டு. ஒன்று கோடாங்கி. உடுக்கை அடித்து, ஆவியை இறக்கி, செத்தவரின் பதிலைக் கேட்டுச் சொல்வார். மற்றது ஒப்பாரி. "என்ன விட்டுட்டு எங்கம்மா போன" என்று செத்தவரையே முன்னிலையில் வைத்துக் கேட்போம். பதில் வராது என்று தெரிந்தே கேட்போம். கேட்டு முடிக்கையில் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

டாரட் என்ற படச் சீட்டுக்கட்டைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் அதைக் கோடாங்கியாக நினைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. சீட்டு ஒப்பாரியின் பக்கம் சேர்ந்தது. படத்தைப் பார்த்ததும் பேச்சு நமக்குத்தான் வரும். கீழே உள்ள முறை முழுவதும் அந்த நினைப்பில் அமைந்தது. (அட்டை என்றால் இங்கே காலைக் கடிக்கிறதுதான் ஞாபகத்துக்கு வரும்; அதனால் சீட்டு என்றே எழுதுகிறோம்.)

முதலில் சீட்டுக்கட்டு. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தொடங்கியது. குறி பார்க்க அதைப் பரவலாக எடுத்தது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில். இந்த வேலைக்கு ஏற்றது 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெய்ட் கட்டு. பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. மொத்தம் 78 சீட்டு: பெரிய சீட்டு 22, சிறிய சீட்டு 56. சிறியவை கிண்ணம், வாள், கோல், காசு என நாலு வகை. பிரான்ஸின் பழைய மார்செய் கட்டில் ஐந்து கிண்ணம் என்றால் வெறும் ஐந்து கிண்ணம்தான் இருக்கும். ஸ்மித்தின் படத்தில் ஆள் இருக்கிறான், ஆறு இருக்கிறது, பாலம் இருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாயிகூட அந்தப் படத்தைப் பார்த்துக் கதை சொல்வார். வாங்கியதும் 78ஐயும் எண்ணிப் பாருங்கள். மலிவுக் கட்டுகளில் ஒரு சீட்டு இரண்டு தடவை வந்து இன்னொன்று இல்லாமல் போவதுண்டு.

ஈரம்தான் பெரிய எதிரி. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரையும் காம்பராவுக்குள்ளேயே (லயன் அறைக்குள்ளேயே) காற்று நனைந்து கிடக்கும். சீட்டு உப்பும், ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டிய சீட்டைக் கலைத்தால் கலையாது. போன தடவை சேர்ந்து கிடந்தவை இந்தத் தடவையும் சேர்ந்தே வரும். உடனே "மறுபடி அதே சீட்டு, அப்பா ஏதோ சொல்ல வருகிறார்" என்று வீடே கலங்கிப்போகும். காரணம் ஈரம்தான். வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசி அரைக் கோப்பையைத் துணியில் முடிந்து பிஸ்கட் டின்னின் அடியில் போடுங்கள். சீட்டைப் பருத்தித் துணியில் சுற்றி மேலே வைத்து மூடுங்கள். மாதம் ஒரு தடவை அரிசியை மாற்றுங்கள். அடுப்புக்கு மேலே பரண் சூடாக இருக்கிறது என்று அங்கே வைக்க வேண்டாம். புகை பிடித்து, ஒரு பக்கமாக வளைந்துவிடும்.

நாள் குறிப்பது அவரவர் வழக்கம். ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை, இறந்த திதி எதுவும் சரி. கத்தோலிக்க வீட்டில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். போயாவுக்கு (பௌர்ணமிக்கு) லீவு உண்டு, அமாவாசைக்குக் கிடையாது. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய், தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, களைத்துத்தான் வீடு வருவார்கள். அதனால் படையலும் காக்கைச் சோறும் அந்தந்த நேரத்தில் முடியட்டும், சீட்டை இரவு 7 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கருமாதி முடியும்வரை கட்டாயம் தொட வேண்டாம். துக்கம் பச்சையாக இருக்கும்போது எந்தப் படமும் குற்றப்பத்திரிகையாகத்தான் தெரியும். தற்கொலை, பிள்ளைச் சாவு என்றால் ஒரு வருடமாவது போகட்டும். தூக்கம் போய்விட்டது, தானும் செத்தால் தேவலை என்ற நினைப்பு வருகிறது என்றால் சீட்டை மூடிவைத்துவிட்டு 1926க்கு அழையுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் அது.

இடத்துக்குப் பாய் போதும். பாய்மேல் வெள்ளைத் துணி. விளக்கு ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். கற்பூரத்தைச் சீட்டுக்குப் பக்கத்தில் கொளுத்தினால் கரி படியும். சாம்பிராணிப் புகையில் சீட்டு பிசுபிசுக்கும். புகையைப் படையலோடு முடித்துக்கொள்ளுங்கள். துணியின் தலைமாட்டில் இறந்தவரின் பொருள் ஒன்று. போட்டோ இல்லாத வீடுகள் நம்மிடம் நிறைய. கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடி வெட்டும் கத்தி), கூடைக் கயிறு, வெத்திலைப் பை, மூக்குக் கண்ணாடி எது இருந்தாலும் போதும். பக்கத்தில் அவர் குடித்த பதத்திலேயே ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி.

இனி சீட்டு. முதல் சீட்டைக் குலுக்கி எடுக்கக்கூடாது. கட்டை விரித்து, படங்களைப் பார்த்து, இறந்தவருக்குரியதை நீங்களே தெரிந்தெடுக்க வேண்டும். இதற்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள். பாதி வேலை இதிலேயே நடந்துவிடும். பத்துக் கோல் சீட்டில் ஒருவன் பத்துத் தடியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, முகம் அதற்குள் புதைய, குனிந்து நடக்கிறான். விறகும் கொழுந்தும் சுமந்தே நிமிராமல் போனவர்களுக்கு அது. ஏழு காசுச் சீட்டில் ஒருவன் மண்வெட்டிப் பிடியில் கையையும் நாடியையும் ஊன்றிக்கொண்டு, தன் முன்னால் காய்த்து நிற்கும் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பறிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. பிறர் நிலத்தில் ஆயுள் முழுக்கப் பாடுபட்ட தாத்தாவுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கட்டில் வேறு கிடையாது. தெரிந்தெடுத்த சீட்டைத் துணியின் நடுவில் நிமிர்த்தி வையுங்கள்.

மீதி 77ஐயும் கவிழ்த்துத் துணியில் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் வட்டமாகக் கலையுங்கள். கையில் பிடித்து மேலும் கீழும் மாற்றுவது பழைய கட்டுக்குப் போதாது. சேர்த்து அடுக்கி, இறந்தவரைப் பேர் சொல்லி, வீட்டில் கூப்பிட்ட முறை சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு மேலிருந்து மூன்று சீட்டு. இடதுபக்கம் வைப்பது அவரிடமிருந்து எனக்கு வந்தது. வலதுபக்கம் நான் அவரிடம் சொல்லாமல் விட்டது. கீழே வைப்பது இனி நான் செய்ய வேண்டியது. தலைகீழாக வந்ததை நேராகத் திருப்பிவிடுங்கள். தலைகீழ் அர்த்தம் இந்த வேலைக்குத் தேவையில்லை.

"அங்க நல்லா இருக்கியா", "என் மேல கோவமா", "நகையை எங்க வச்ச" என்று கேட்க வேண்டாம். இவற்றுக்கு எந்தச் சீட்டு வந்தாலும் பயந்தவர் பயந்த பதிலையே வாசிப்பார். நகைக் கேள்வி அண்ணன் தம்பிக்குள் சண்டையில் முடியும்.

வாசிக்கும் விதம் இது. அம்மாயிக்காக வைத்ததில் வலதுபக்கம் ஐந்து கிண்ணம் வந்தது என்று வையுங்கள். அர்த்தப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். கண்ணில் படுவதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: கறுப்புப் போர்வை போர்த்திய ஆள், தலை குனிந்திருக்கிறது. முன்னால் மூன்று கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. முதுகுக்குப் பின்னால் இரண்டு கிண்ணம் நிமிர்ந்து நிற்கிறது. ஆறு ஓடுகிறது, பாலம் இருக்கிறது, அக்கரையில் வீடு. பிறகு ஒரே கேள்வி: இந்தப் படத்தில் அம்மாயி எங்கே, நான் எங்கே? ஒருவர் போர்வை ஆளை அம்மாயி என்பார். இன்னொருவர் "அது நான்தான், சாவுக்கு வராம கொழும்பிலயே நின்னுட்டேன்" என்பார். அந்த வாக்கியம் வாயில் வந்ததும் சீட்டின் வேலை முடிந்தது. அதையே அம்மாயியைப் பார்த்து, முன்னிலையில், ஒரு தடவை சொல்லுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், யாரும் தேற்ற வேண்டாம்.

கீழ்ச் சீட்டு ஒரு கிழமைக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலையாக இறங்க வேண்டும்: புதைகுழி மேல் புல் செதுக்குவது, அவர் பேரைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது, கட்டிமுடிக்காத கடனைக் கட்டுவது. "இனி நல்லவனாக இருப்பேன்" என்று வந்தால் படத்தை மறுபடி பாருங்கள். கையால் செய்கிற ஒன்று கிடைக்கும்.

13ஆம் சீட்டு மரணம். கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரை, கொடியில் வெள்ளை ரோஜா. அரசன் விழுந்து கிடக்கிறான், குழந்தை அண்ணாந்து பார்க்கிறது. பின்னால் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன். ஒன்று முடிந்தது என்பதே வழக்கமான வாசிப்பு, யாருக்கும் சாவு சொல்வதல்ல. இதைத் தொடங்கும் முன்பே பெரியவர்களுக்குக் காட்டிச் சொல்லிவிடுங்கள். வீட்டில் நோயாளி படுத்திருந்தால் அந்தச் சீட்டை எடுத்து டின்னிலேயே வைத்துவிடுவது நல்லது. வாசிப்பு கெடாது.

பேர் தெரியாதவர்களுக்கும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில், இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில், கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்கு எந்த வீட்டிலும் திதி இல்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்து அக்கரைக்கு, இந்தியாவுக்கு, போனவர்களில் பலருடைய புதைகுழியை இங்கே இருப்பவர்கள் பார்த்ததே இல்லை. இவர்களுக்கு ஆறு வாள் சீட்டை நடுவில் வையுங்கள். ஒரு படகு, முக்காடு போட்ட பெண், அவள் பக்கத்தில் பிள்ளை, முதுகு மட்டுமே தெரிகிறது. பின்னால் ஒருவன் கோல் ஊன்றித் தள்ளுகிறான். ஒரு பக்கம் தண்ணீர் அலையடிக்கிறது, மறுபக்கம் அமைதியாக இருக்கிறது. லண்டனில் இருந்து வரைந்தவர் அவர்கள் கப்பல் ஏறிய தலைமன்னாரை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் முகம் தெரியாத அந்தப் பெண்ணை யாருடைய பாட்டியாகவும் பார்க்க முடிகிறது. இதற்கு மூன்று சீட்டு வேண்டாம். படகைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் தெரிந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: வந்த ஊர், இறங்கிய தோட்டம், பிறகு மாறிய தோட்டங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறைக்கு அந்தப் பெயர்கள் தானாக வராது.

முடிக்கும்போது "போய்ட்டு வாங்க" என்று வாயால் சொல்லி, நடுச்சீட்டைக் கடைசியாக எடுங்கள். எண்ணுங்கள், ஒன்று குறைந்தால் பாயைத் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதற்கடியில்தான் இருக்கும். தேத்தண்ணியை வாசலில் மண்ணில் ஊற்றுங்கள். அன்றைக்கு அதே ஆளுக்கு இரண்டாம் தடவை சீட்டு வைக்க வேண்டாம், பதில் பிடிக்கவில்லை என்பதற்காகக் கட்டாயம் வேண்டாம். வந்த மூன்று சீட்டையும் சொன்ன வாக்கியத்தையும் திகதியோடு கொப்பியில் எழுதி, டின்னுக்குள் சீட்டுக்கு மேலேயே வையுங்கள். அடுத்த திதிக்கு டின்னைத் திறக்கும்போது முதலில் கையில் வருவது அந்தக் கொப்பியாக இருக்கட்டும். புல் செதுக்கியாயிற்றா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.