‘ஆஃப்’ என்றால் அணைப்பது மட்டுமா? ஒரு குட்டி ஆங்கிலச் சொல்லைப் பழகும் வழி

இரவுப் பணிக்குச் சேர்ந்த புதிது. ராத்திரி இரண்டு மணிக்கு, லண்டனில் இருந்த சக ஊழியர் சாட்டில் எழுதினார்: “சர்வர் அலாரம் வென்ட் ஆஃப்.” அலாரம் நின்றுவிட்டது போல என்று நினைத்து, கட்டைவிரல் எமோஜி ஒன்றைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் போனில் பதினோரு மிஸ்டு கால். அலாரம் அடிக்கிறது என்றுதான் மனிதர் சொல்லியிருக்கிறார்.

லைட், ஃபேன், மோட்டார் என்று நாள் முழுக்க எதையாவது ‘ஆஃப் பண்ணி’ப் பழகிய நமக்கு, அந்தச் சொல்லைக் கேட்டாலே கை சுவிட்சுக்குப் போகும். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இந்தப் பாடம்.

படி 1: எந்த ‘ஆஃப்’ என்று பாருங்கள்

நம் வாயில் மூன்று சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. ஆஃப்பாயிலில் இருப்பது ‘பாதி’; எழுத்தில் ஹெச், ஏ, எல், எஃப். ‘ஆஃப் டே’ லீவ் கேட்டால் அரைநாள்தான் கிடைக்கும். ‘டே ஆஃப்’ கேட்டால் முழுநாளும் வீட்டில் இருக்கலாம்.

ஓவுக்குப் பின் ஒற்றை எஃப் வந்தால் ‘உடைய’ என்று பொருள். அதை ‘ஆவ்’ என்று சொல்ல வேண்டும். இரட்டை எஃப் வந்தால்தான் நாம் இங்கே பார்க்கும் ஆஃப். பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒரே சொல். அழுத்திச் சொன்ன வடிவம் பிரிந்து, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் தனிச்சொல்லாக நிலைத்தது. இரண்டும் சேர்ந்து வரும் ஒரு வாக்கியம்: “ஸ்ரீலங்கா லைஸ் ஆஃப் த கோஸ்ட் ஆவ் இந்தியா.” இந்தியாவின் கரையிலிருந்து தள்ளி இலங்கை இருக்கிறது.

படி 2: ‘அணை’யை எடுத்துவிட்டு ‘தள்ளி’யை வையுங்கள்

மேலே ‘தள்ளி’ என்று எழுதினேன் இல்லையா, அதுதான் சாவி. மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வீடு: ஆஃப் த மெயின் ரோடு. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்: புட் ஆஃப். ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் 20 சதவீதம் ஆஃப்: தள்ளுபடி. இருந்த நிலத்தையெல்லாம் விற்றுத் தள்ளிவிட்டார்: ஸோல்ட் ஆஃப். நாம் புதிதாகக் கற்க வேண்டியது பாதிதான், மீதியைத் தமிழே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

ஓரிடத்தில் மட்டும் உஷார். வங்கி ஒரு கடனை ‘ரைட் ஆஃப்’ செய்தால், செய்திகளில் அதையும் ‘கடன் தள்ளுபடி’ என்றே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் அது தள்ளப்படுகிறது. வாங்கியவர் தலையில் கடன் அப்படியே இருக்கும், வசூல் முயற்சியும் தொடரும். கடனையே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் ‘வெய்வர்’.

படி 3: எது, எதிலிருந்து?

ஆஃப் எங்கே வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ‘டேக் ஆஃப்’: விமானம் தரையிலிருந்து, சட்டை உடம்பிலிருந்து. ‘லே ஆஃப்’: ஆள் வேலையிலிருந்து. “ஐ ஆம் ஆஃப்” என்று ஒருவர் பையைத் தூக்கினால், அவர் இங்கிருந்து கிளம்புகிறார்.

கிரிக்கெட்டின் ஆஃப் சைடு எதிலிருந்து தள்ளி? குதிரையில் ஆள் ஏறுவது இடப்பக்கமாக. அது ‘நியர் சைடு’. எட்ட இருக்கும் வலப்பக்கம் ‘ஆஃப் சைடு’. பிரிட்டனில் இன்றும் காரின் ஓட்டுநர் பக்கத்துக்கு அதே பெயர்தான். வலக்கை ஆட்டக்காரருக்கும் ஆஃப் சைடு வலப்பக்கமே. டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த நம்ம அஷ்வின் போடும் ஆஃப் பிரேக், தரையில் குத்தியதும் அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே திரும்பும்.

வசதியானவரை ‘வெல் ஆஃப்’ என்பார்கள். இங்கே இந்தக் கேள்வி உதவாது, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படி 4: என்னைக் கவிழ்த்த ‘கோ ஆஃப்’

இதற்கு எழுவாயைப் பார்க்காமல் பொருள் சொல்லவே முடியாது. விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது. குண்டு என்றால் வெடித்தது. பால் என்றால், பிரிட்டிஷ் பேச்சில், கெட்டுப்போனது. “ஐ வென்ட் ஆஃப் காபி” என்றால் காபி மேல் இருந்த ஆசை விட்டுப்போனது.

அலாரம் ஏன் அடிக்கிறது? சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுருள்வில் முறுக்கேறி, ஒரு கொக்கியில் தடுக்கி நிற்கும். நேரம் வந்ததும் கொக்கி விலகும், குட்டிச் சுத்தியல் மணியை அடி அடியென்று அடிக்கும். பிடியிலிருந்து விடுபடுவதுதான் இங்கே ஆஃப். துப்பாக்கிக்கும் இதே படம் பொருந்தும்.

படி 5: நீங்களே செய்து பாருங்கள்

கீழுள்ளவற்றில் எது எதிலிருந்து தள்ளிப் போகிறது என்று சொல்லுங்கள்.

“த ஹேண்டில் கேம் ஆஃப்.” வாளியிலிருந்து கைப்பிடி கழன்றுவிட்டது.

“கெட் ஆஃப் த பஸ்.” இறங்கச் சொல்கிறார்கள்.

“த மேட்ச் இஸ் ஆஃப்.” ஆட்டம் தள்ளிப்போகவில்லை, நடக்கவே போவதில்லை. தள்ளிப்போட்டிருந்தால் ‘புட் ஆஃப்’ என்றிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று: “த அலாரம் வென்ட் ஆஃப், ஸோ ஐ டர்ன்ட் இட் ஆஃப்.” அலாரம் அடித்தது, அதனால் அதை நிறுத்தினேன்.