காசியில் படகு ஏறும் முன்: எந்தப் பக்கம் உட்காரலாம்?

காசியில் மாலை ஆரத்தி பார்த்தாலும் விடியற்காலைப் படகை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய ஊர் முழுக்க கங்கையின் மேற்குக் கரையில் இருப்பதால், உதிக்கும் வெயில் நேராகக் கட்டங்கள் (படித்துறைகள்) மேல் விழும். சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பே, தென்கோடியில் இருக்கும் அசி கட்டத்துக்குப் போய்விடுங்கள்.

கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. அசியில் ஏறினால் நீரோட்டத்தோடு போகலாம். அப்போது படகின் இடப்பக்கம்தான் கட்டங்கள் வரும். முடிந்தால் துடுப்புப் படகே எடுங்கள். மோட்டார் இரைச்சல் இல்லாமல், கல்லில் துணி அடிக்கும் சத்தமும் கோயில் மணியும் தெளிவாகக் கேட்கும். கேதார கட்டத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கோயில் சுவரைப் பார்த்ததும் நம்மூர் ஞாபகம் வந்துவிடும். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடமும் இந்தப் பக்கம்தான்.

மணிகர்ணிகா கட்டத்தோடு திரும்பிவிடாமல், சிந்தியா கட்டம் வரை போக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நீருக்குள் சாய்ந்து நிற்கும் ரத்னேஷ்வர் கோயிலை அவசியம் பார்க்க வேண்டும். கட்டணம் ஆளுக்கா, படகுக்கா, எவ்வளவு நேரம் என்பதையும் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அரிச்சந்திர கட்டத்திலும் மணிகர்ணிகாவிலும் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும். அங்கே போனைப் பையில் வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நல்லது, ஸ்வெட்டர் கட்டாயம்.