லைவ் லாக்: கம்பத்தில் உட்கார்ந்து மலையைக் கவனிக்கும்போது செய்யக் கூடாதவை

எங்கள் ஏலக்காய் ஸ்டோர் (காயை உலர்த்தும் இடம்) கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், வண்டன்மேட்டில் இருக்கிறது. ஆபீஸ் கம்பத்தில். நடுவில் கம்பம்மெட்டு ஏற்றம், ஆடி மாதம் முழுக்க மழை, நினைத்தால் வந்து நினைத்தால் போகும் நெட். பச்சைக் காயை 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் 18 முதல் 24 மணி நேரம் காயவைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காய்க்குப் போடியிலும் சரி, புத்தடியிலும் சரி, ஏலத்தில் நல்ல விலை கிடைக்காது. டிரையரின் சூடு மாறும்போதெல்லாம் மேலே உள்ள கம்ப்யூட்டர் லாக் ஃபைலில் (நடப்பதைக் குறித்து வைக்கும் ஃபைல்) ஒரு வரி எழுதும். அதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருப்பது என் பொறுப்பு.

ஒரு ராத்திரி 12 மணிக்குப் பிறகு புது வரியே வரவில்லை. சூடு நிலையாக நிற்கிறது என்று நம்பிவிட்டேன். விடிந்து பார்த்தால் ஒரு டிரையர் காய் முழுக்க மங்கிக் கிடந்தது. நடந்தது இதுதான்: நள்ளிரவில் லாக்ரொட்டேட் (லாக் ஃபைல் பெருத்துவிடாமல் அவ்வப்போது மாற்றும் புரோகிராம்) பழைய ஃபைலின் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, அதே பெயரில் புது ஃபைல் திறந்திருக்கிறது. எழுதும் புரோகிராமும் புதியதற்கு மாறிவிட்டது. ஃபைலின் கடைசி வரிகளையும், புதிதாக வரும் வரிகளையும் காட்டும் டெயில் கட்டளைக்கு நான் சிறிய எஃப் (-f) கொடுத்திருந்தேன். அது ஃபைலின் பெயரைப் பார்க்காது. முதலில் திறந்த ஃபைலையே பிடித்துக்கொண்டு நிற்கும். பெரிய எஃப் (-F) கொடுத்திருந்தால் பெயரைக் கவனித்துப் புது ஃபைலுக்குத் தாவியிருக்கும். ஒரே எழுத்துதான். லாக்ரொட்டேட்டில் 'காப்பி-ட்ரன்கேட்' முறை வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: நகலெடுத்து முடிப்பதற்கும் ஃபைலைக் காலி செய்வதற்கும் இடையில் எழுதப்பட்ட வரிகள் தொலைந்துபோகலாம்.

அடுத்தது லைன். எதிர்முனை போய்விட்டது என்ற செய்தி வராதவரை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் டிசிபி இணைப்பு (இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் நெட் இணைப்பு) மணிக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். எஸ்எஸ்ஹெச்-இல் (தூரத்துக் கம்ப்யூட்டரோடு பாதுகாப்பாக இணையும் வழி) எதிர்முனை இருக்கிறதா என்று கேட்கும் இடைவெளியான சர்வர்-அலைவ்-இன்டர்வலை 30 விநாடி என்று வையுங்கள். மூன்று முறை பதில் வராவிட்டால், ஏறக்குறைய 90 விநாடியில், அதுவே இணைப்பை அறுத்துவிடும். பலர் இதோடு நிறுத்திவிட்டு, இணைப்பு அறுந்தால் மறுபடி டெயில் போடும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் அடுத்த தவறு. டெயில் தொடங்கும்போது கடைசி 10 வரியை மட்டும்தான் காட்டும். லைன் அறுந்திருந்தபோது 40 வரி எழுதப்பட்டிருந்தால் 30 வரி உங்கள் கைக்கு வராது. எத்தனையாவது பைட் வரை வாங்கினோம் என்று குறித்து வைத்து, அங்கிருந்தே கேட்க வேண்டும். ஃபைல்பீட் போன்ற கருவிகள் இந்தக் கணக்கைத் தாங்களே வைத்துக்கொள்ளும். மலைப்பாதையில் நெட் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் என் சிபாரிசு.

லைன் நன்றாக இருந்தும் வரிகள் தாமதமாகக் கொத்துக் கொத்தாக வந்தால், நடுவில் கிரெப் (வேண்டிய வரியை மட்டும் பொறுக்கும் கட்டளை) போட்டு வடிகட்டுகிறீர்களா என்று பாருங்கள். பைப்பில் (ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்குக் கொடுக்கும் வழி) எழுதும்போது அது பொதுவாக 4096 பைட் சேரும்வரை வெளியே விடாது. என் வரி ஒன்று 60 எழுத்து. ஏறக்குறைய 68 வரி சேர்ந்தால்தான் முதல் வரியே தெரியும். 'லைன்-பஃபர்டு' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் ஒவ்வொரு வரியும் உடனே வரும்.

லாக் வரிகளை சிஸ்லாக் (லாக் அனுப்பும் முறை) மூலம், வந்ததா என்று சரிபார்க்காத யுடிபி வழியாக 514 போர்ட்டில் அனுப்பினால், வழியில் விழுந்த வரியை யாரும் திரும்ப அனுப்ப மாட்டார்கள். பொது நெட்டில் நெட்கேட் (எதையும் மறைக்காமல் அப்படியே அனுப்பும் கருவி) வழியாக அனுப்பினால் இடையில் இருப்பவர் யாரும் படிக்கலாம். இரண்டு கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் என்டிபி-யோடு (நெட் வழியே நேரத்தைச் சரிசெய்யும் முறை) இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த வரி முந்தியது என்பதில் குழப்பம் வரும்.

இப்போது சூடு மாறினாலும் மாறாவிட்டாலும் டிரையர் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுகிறது. இரண்டு நிமிடம் அது வராவிட்டால் கம்பத்தில் மணி அடிக்கும். லைனில் என்ன கோளாறு என்று நோண்டுவதற்கு முன்பே ஸ்டோருக்குப் போன் போட்டுவிடுவேன்: "அண்ணே, மீட்டர்ல எவ்வளவு காட்டுது, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."