குடி நிற்கும்வரை வீடு காத்திருக்க முடியாது: நெல்லைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வீட்டில் குடி முற்றிவிட்டால் சொந்தபந்தம் கூடிக் கேட்பது ஒன்றுதான்: “ஆளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?” அவர் சிகிச்சையில் இருக்கும்போது மனைவியும் பிள்ளைகளும் எங்கே இருப்பார்கள், வாடகைக்கு என்ன வழி என்று யாரும் கேட்பதில்லை. குடிப்பவருக்கு வைத்தியம், குடும்பத்துக்குத் தங்கும் இடமும் வருமானமும் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

உயிருக்கே ஆபத்தான தவறு, தினமும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்துவது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே கைநடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கலாம். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலர் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார்கள். உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டித் தட்டி விடுவார்கள். இதைப் பேய்க்கோளாறு என்று கோவிலில் கொண்டுபோய் உட்காரவைத்தால் ஆளை இழக்க நேரிடும். 108-ஐ அழைத்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். நாள்பட்ட குடியில் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். “ரெண்டு நாளா சாப்பிடல, மயக்கம்” என்று மட்டும் சொல்லிப் பக்கத்து கிளினிக்கில் டிரிப் ஏற்றுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

சோற்றிலோ குழம்பிலோ ரகசியமாக மாத்திரை கலப்பது அடுத்தது. “குடியை மறக்கடிக்கும் மருந்து” என்ற பெயரில் கைமாறுவதில் டைசல்ஃபிரம் இருக்கக்கூடும். தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் மேலே குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து நீடிக்கும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

மறுவாழ்வு மையத்தைச் சுவரொட்டி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாநில மனநல ஆணையப் பதிவு இருக்கிறதா, மனநல டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், குடும்பத்தார் நேரில் பார்க்கலாமா, வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து விவரம் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். “மூணு மாசம் யாரும் பார்க்க வரக்கூடாது” என்றால் அங்கே விடவேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ராத்திரியில் ஆள் வைத்து வண்டியில் தூக்கிப்போவதும் சட்டப்படியான சேர்க்கை அல்ல. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446-ல் கேட்கலாம்.

இனி வீடு. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர், தங்கள் வங்கிக் கணக்கோடு கணவரின் செல்போன் எண்ணை இணைத்திருக்கிறார்கள். ஓடிபி அவர் கைக்குப் போகும். கூலியும் மகளிர் உரிமைத் தொகையும் அந்த வழியே போய்விடும். முதலில் எண்ணை மாற்றுங்கள். மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் ஒத்தி வீட்டில் இன்னும் கவனம் தேவை. ஒத்திப் பத்திரம் அவர் பெயரில் மட்டும் இருந்தால், ஒருநாள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார். உங்கள் பெட்டி படுக்கை தெருவில் கிடக்கும். இருவர் பெயரிலும், இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் திரும்பும் என்று மாற்றி எழுதக் கேளுங்கள். கணவர் தெளிவாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில் வீட்டு உரிமையாளரையும் உட்காரவைத்துப் பேசினால் பலர் சம்மதிப்பார்கள்.

அடி தாங்காமல் வெறுங்கையோடு வீட்டைவிட்டு இறங்குவதும் பிறகு இடிக்கும். ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்புக், பீடி அடையாள அட்டை, நகைக்கடன் ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றின் நகலையும் ஒரு பையில் போட்டு, வளவில் நம்பிக்கையான ஒரு ஆச்சியிடம் கொடுத்துவையுங்கள். 181-ஐ அழைத்தால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் சகி மையத்தில் பிள்ளைகளோடு தங்கலாம், 5 நாள்வரை. ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு என்பதால், மகனின் வயதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த 5 நாளையும் அழுது கழித்துவிட்டு ஆறாம் நாள் அதே வீட்டுக்குத் திரும்பக் கூடாது. முதல் நாளே, குடும்ப வன்முறைப் புகாரைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில், அவரை வெளியேற்றி உங்களை வீட்டில் இருக்கவைக்கவோ, வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லவோ நீதிமன்றம் உத்தரவிட முடியும். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், அங்கே சேர்ந்து குடித்தனம் நடத்தியிருந்தால் வசிக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் சட்ட உதவி இலவசம், எண் 15100.

அப்பாவைக் கடையிலிருந்து கூட்டிவரப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். வீடு மாறினால் படிப்பு நிற்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புவரை டிசி தாமதம் என்று காரணம் காட்டிப் பள்ளி மறுக்க முடியாது. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் கிடைக்கும். கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அவசரத்துக்கு 1098.

சிகிச்சை முடிந்து வந்தவரின் முதல் மாதங்களில்தான் குடும்பத்தார் பலர் பிடியை விடுகிறார்கள். டாக்டர் குறித்த தேதியில் வேலையைச் சாக்கிட்டுப் போகாமல் இருப்பது, முழுச் சம்பளத்தையும் கையில் கொடுப்பது, எதற்கெடுத்தாலும் பழையதைச் சொல்லிக் குத்துவது மூன்றும் கெடுதல். ஊர்க் கோவில் கொடை விழா வந்தால் கூடுதல் கவனம். படைப்புச் சாராயமும் பழைய கூட்டாளிகளும் ஒரே இடத்தில் இருக்கும் அந்த நாட்களில், கொடை வரியைக் கட்டிவிட்டு, முதல் வருஷம் குடும்பத்தோடு வெளியூரில் இருந்துகொள்ளலாம். அப்படியும் ஒருநாள் குடித்துவிட்டால் “எல்லாம் வீண்” என்று மருந்தை நிறுத்தாதீர்கள். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகிய இளைஞர் என்றால் மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. இடைவெளிக்குப் பிறகு பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்புக்கு இருக்காது. மூச்சு மெதுவாகி உதடு நீலம் பாய்ந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.