லயத்து வீட்டில் அந்தோனியார் நவநாள்

அந்தோனியார் திருநாள் ஜூன் 13. ஒன்பது நாள் தொடர்ந்து செபிக்கும் நவநாளை 4ஆம் திகதி தொடங்கி 12ஆம் திகதி முடிக்கவேண்டும். பலர் 5ஆம் திகதி தொடங்கிவிடுகிறார்கள். கடைசி நாள் திருநாளிலேயே வந்து விழ, கோயிலுக்குப் போவதா வீட்டில் செபிப்பதா என்று இழுபறி. எந்தப் புனிதருக்கும் கணக்கு ஒன்றுதான்: திருநாள் திகதியிலிருந்து ஒன்பது நாள் பின்னால் போங்கள். ஜனவரி 20 செபஸ்தியாருக்கு 11, மார்ச் 19 சூசையப்பருக்கு 10. ஜனவரி 16 யோசேப் வாஸுக்கு 7. இந்தக் கடைசிப் புனிதர் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் படித்து, 1711இல் கண்டியிலேயே கண்மூடியவர். 2015இல் பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனாலும் நம் மலையகத்தில் அவர் படம் மாட்டிய வீடு குறைவுதான்.

ஒன்பது நாள் தொடர்ந்து முடியாதவர்கள் ஒன்பது செவ்வாய்க்கிழமைகள் செய்யலாம். செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாள்.

முதலில் இடம். ஜூனில் மழையும் மூட்டமுமாக இருக்கும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் சுவர் வேர்க்கும். சாந்துச் சுரூபத்தை (சிலையை) சுவரோடு ஒட்டி வைத்தால் அடிப்பாகம் உப்பி உதிரும். பலகைத் துண்டின் மேல், சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், ஒரே மாதத்தில் புகை படிந்து முகம் தெரியாமல் போகும். சுரூபம் இல்லையென்றால் படம் போதும். புதிதாக வாங்கியதைச் சாமியாரிடம் மந்திரித்துக்கொள்ளுங்கள்.

மெழுகுதிரி விஷயத்தில் கவனம் அதிகம் வேண்டும். லயத்தில் பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை. ஒன்றில் பிடித்த தீ வரிசை முழுதும் ஓடும். காலி டின்மீன் டின்னில் பாதிக்கு ஈர மணல் போட்டு, அதில் திரியை ஊன்றுங்கள். பிளாஸ்டிக் பூமாலை, திரைச்சீலை, கூரைக்குக் கீழே கட்டிய பொலித்தீன் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. செபம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இரவெல்லாம் எரிந்தால்தான் புனிதர் கேட்பார் என்று எந்தச் சபைச் சட்டத்திலும் இல்லை.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடவேண்டியிருப்பதால் இரவு ஏழு மணி தோதான நேரம். நாடகம் தொடங்குமுன் முடித்துவிடலாம், இருபது நிமிடம் போதும். சிலுவை அடையாளம், அன்றைய நற்செய்தியில் ஐந்தாறு வசனம், செபமாலையில் ஒரு பத்து (பத்து அருள்நிறை மந்திரம்), நவநாள் மன்றாட்டு, பிரார்த்தனை (ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் மன்றாட்டு மாலை), வீட்டாரின் வேண்டுதல், கடைசியில் ஒரு பரலோக மந்திரம். நற்செய்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தோனியாரே அதைப் பிரசங்கித்துப் பெயரெடுத்தவர்.

பிரார்த்தனை சொல்லும்போது பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிதாவுக்கும் சுதனுக்கும் தூய ஆவிக்கும் "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்கிறோம். அந்தோனியார் பெயர் வந்ததும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் மாறுகிறது. இரக்கம் காட்டுபவர் கடவுள். புனிதர் நம்மோடு சேர்ந்து கேட்பவர். ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை, அந்த இரண்டு பதில்களையும் காட்டினாலே புரிந்துகொள்வார்கள்.

பக்கத்துக் காம்பரா அக்கா சூடத்தோடு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். அந்தோனியாரைத் தேடி வரும் இந்துக்கள் நம் பக்கம் ஏராளம். சூடத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையில் ஒரு மெழுகுதிரியைக் கொடுத்தால் போதும்.

இடையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் அப்படியே தொடருங்கள். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இது மந்திரக் கணக்கல்ல. 'இதை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும்' என்று போனில் வருவதை யோசிக்காமல் அழித்துவிடுங்கள். களவுபோன அவருடைய சங்கீதப் புத்தகம் செபத்தால் திரும்பி வந்தது என்ற மரபால்தான் தொலைந்த பொருளுக்கு அவரைக் கூப்பிடுகிறோம். அதற்காகச் சுரூபத்தைத் தலைகீழாக வைத்து, 'கிடைத்தால் நிமிர்த்துகிறேன்' என்பது பேரம். அதைச் செபம் என்று சொல்லமுடியாது.

நேர்த்தி வைப்பதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மகன் ஓ.எல். பரீட்சையில் பாஸானால் தங்கச் சங்கிலி என்று நேர்ந்துவிட்டு, பிறகு வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். நேர்த்தி கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. நம்மால் முடிந்த நன்மையாக இருக்கவேண்டும். மாட்டிக்கொண்டால் பயப்படாமல் பங்குத் தந்தையிடம் போங்கள். தகுந்த காரணம் இருந்தால் அதிலிருந்து விடுவிக்கவோ சிறியதாக மாற்றவோ திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. அதற்குச் சமமான அல்லது மேலான நன்மையாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

ஒன்பது நாளுக்குள் ஒருமுறை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். ஒரு சாமியார் பல தோட்டங்களைப் பார்ப்பதால் அவருக்கு உதவும் உபதேசியாரிடம் நேரத்தை முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. 13ஆம் திகதி பூசை கண்டு நன்மை (நற்கருணை) வாங்கியதும், அந்தோனியார் பெயரில் ஏழைகளுக்கு அப்பம் கொடுக்கும் பழைய வழக்கத்தையும் செய்துவிடலாம். பாண் பத்து இறாத்தல் வாங்கினால் ஒரு லயத்துக்குத் தாராளம். வேலைக்குப் போகமுடியாத கிழவிகள் வீட்டுக்கு முதலில் கொடுத்தனுப்புங்கள்.

உடைந்த சுரூபத்தையும் பூஞ்சணம் பிடித்த படத்தையும் குப்பையிலோ ஓடையிலோ போடாதீர்கள். படத்தை எரித்துச் சாம்பலைப் புதையுங்கள். சுரூபத்தை மண்வெட்டி படாத மூலையில், ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.