கார் கண்ணாடி கிரைண்டிங்: ஸ்டிக்கைக் கையில் எடுப்பதற்கு முன்

கார் கண்ணாடி லைனில் புதிதாகச் சேரும் பையன்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். சிஎன்சி வந்துவிட்டது, ரோபோ கண்ணாடியைத் தூக்கி வைக்கிறது, தவறு மட்டும் அப்படியே இருக்கிறது. கண்ணுக்குக் காகிள்ஸ் போடு, விரிசல் விட்ட வீலை மாட்டாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

நான் சொல்வது எட்ஜ் கிரைண்டிங்கை. விண்ட்ஷீல்டுக்கான 1.6, 2.1 மி.மீ. ஷீட்டோ, கதவுக்கான 3.15, 4 மி.மீ. கண்ணாடியோ, வெட்டி உடைத்த பிறகு ஓரத்தை உருட்டிக் கொடுக்கும் வேலை. மெட்டல் பாண்ட் வைர வீல் (உலோகத்தில் வைரப் பருக்கைகள் பதித்த சக்கரம்), அதன் சுற்றளவில் குரூவ் என்கிற பள்ளம், குரூவுக்குள் கண்ணாடியின் ஓரம் ஓடும். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் இந்த ஓரத்தில் ஒரு சிப், அதாவது சின்னச் செதில் பெயர்ந்த இடம், இருந்துவிட்டால், கதவுக் கண்ணாடி டெம்பரிங் (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கும்) ஃபர்னஸில் 600 டிகிரிக்கு மேல் சூடேறி வெளியே வந்து, காற்று அடித்த நொடியில் பொடிப்பொடியாகிவிடும். தப்பித்தாலும், டெம்பர் ஆன கண்ணாடியை மறுபடி கிரைண்ட் செய்ய வழியே கிடையாது.

எதற்கெடுத்தாலும் டிரெஸ்ஸிங் ஸ்டிக்

இதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். ஓரம் வெள்ளையாகக் கருகுகிறதா, எடு வீலில் தேய்க்கும் ஸ்டிக்கை. சிப்பிங் வருகிறதா, ஸ்டிக். ஸ்பிண்டில் ஆம்ப்ஸ் (வீலைச் சுழற்றும் மோட்டார் இழுக்கும் கரன்ட்) ஏறுகிறதா, ஸ்டிக். சத்தம் மாறினாலும் ஸ்டிக்.

அந்த வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு ஸ்டிக் வைரத்தைக் கூராக்குகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வைரத்தை அது தொட்டுக்கூடப் பார்க்காது. வைரப் பருக்கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோக பாண்டைத்தான் அது அரித்து எடுக்கிறது. பாண்ட் கொஞ்சம் இறங்கினால் பருக்கை வெளியே தெரியும், வெட்டும். அதிகமாக இறங்கினால் பிடிமானம் போய்ப் பருக்கையே கழன்று கூலன்ட்டோடு (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் தண்ணீரோடு) போய்விடும். 170/200 மெஷ் வீல் என்றால் ஒரு பருக்கை ஏறக்குறைய 75-லிருந்து 90 மைக்ரான். அதில் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டால் என்ன நிற்கும்? நீங்கள் ஒவ்வொரு முறை ஸ்டிக் போடும்போதும் காசு கொடுத்து வாங்கிய வைரத்தைச் சாக்கடையில் விடுகிறீர்கள்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நைட் ஷிஃப்ட்டில் ஓரம் கருகுகிறது, டிரெஸ் பண்ணினால், அதாவது ஸ்டிக் போட்டால், கொஞ்ச நேரம் சரியாகிறது, மறுபடி கருகுகிறது. இப்படியே ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். நான் போனபோது ஆபரேட்டர் தம்பி சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, இந்த லாட் வீலே சரியில்லண்ணே." சூப்பர்வைசரும் அதையே சொன்னார், சப்ளையருக்குப் புகார் மெயில் தயாராக இருந்தது.

ரிஜெக்ஷன் டிராலியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து ஓரத்தை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மேல் பக்கம் சீரான சாம்பல் நிறம், மேட் ஃபினிஷ், விரல் வைத்தால் வழுவழுப்பு. கீழ்ப் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, நடுநடுவே மினுமினுக்கும் செதில்கள். அடுத்த நான்கைந்து கண்ணாடியும் அப்படியே. வீல் மழுங்கியிருந்தால் மேலும் கீழும் சேர்ந்துதானே கருக வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் கருகினால் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகவில்லை, அல்லது அந்தப் பக்கம் மட்டும் அதிகமாக வெட்டுகிறது என்று அர்த்தம்.

மெஷின் கவரைத் திறந்து, வீலை நிறுத்தி, கூலன்ட்டை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். நாசில் இரண்டு மூன்று மி.மீ. மேலே தூக்கியிருந்தது. வீல் மாற்றும்போது யாரோ இடித்திருக்கிறார்கள். தண்ணீர் குரூவுக்குள் போகாமல் அதன் மேல் உதட்டில் பட்டுச் சிதறிக்கொண்டிருந்தது. நாசிலை இறக்கிக் குரூவுக்கு நேராக வைத்ததும் கருகல் நின்றுவிட்டது, ஆனால் வீல் போயிருந்தது. ஒரு வாரம் ஸ்டிக் வாங்கியதில் குரூவின் வடிவமே அகன்று, ஓரம் அதன் வடிவத்தைச் சரிபார்க்கும் ப்ரொஃபைல் கேஜில் உட்காரவில்லை. குரூவை மறுபடி வடிவாக்கும் ரீப்ரொஃபைலிங்குக்கு அனுப்பினால் வைர அடுக்கில் இன்னும் ஒரு பங்கு கழியும். புகார் மெயில் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

நாசில் விஷயத்தில் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இரண்டு மி.மீ. ஏன் பெரிது என்று புரியும். 150 மி.மீ. வீல் 4,000 ஆர்பிஎம்மில் ஓடினால் விளிம்பு வேகம் நொடிக்கு 31 மீட்டர், அதாவது மணிக்கு 113 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வீலைச் சுற்றி ஒரு காற்றுப் படலம் கூடவே ஓடும். 2 பார் அழுத்தத்தில் நாசிலை விட்டு வரும் தண்ணீர் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில்தான் வரும். தள்ளி நின்று தெளித்தால் காற்றே அதை விலக்கிவிடும், மெஷின் முழுக்க நனைந்திருக்கும், வெட்டும் இடம் மட்டும் காய்ந்திருக்கும். நாசில் கிட்டே, குரூவுக்கு நேராக, கண்ணாடி வீலைத் தொடும் இடத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கவர் ஜன்னல் வழியே பார்க்கும்போது தொடும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு ஒளிர்ந்தால் தண்ணீர் போகவில்லை. அப்போது ஸ்டிக்கைத் தேடாதீர்கள், நாசிலைப் பாருங்கள்.

அப்போ ஸ்டிக் எப்போதுமே வேண்டாமா? வேண்டும். வீலை நிறுத்தி குரூவுக்குள் விரல் நகத்தால் தடவுங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கி, உலோகம் பளபளத்தால் அது க்ளேஸ் ஆகியிருக்கிறது, நன்றாக நனைத்த ஸ்டிக் ஒன்றிரண்டு தடவை போதும். நகத்தில் சொரசொரப்பு தட்டினால் வீல் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ.

ஃபீடைக் குறைத்துக்கொண்டே போவது

கருகினால் ஃபீடை, அதாவது ஓரம் வீலில் நகரும் வேகத்தை, குறைத்து மெதுவாக ஓட்டு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மெட்டல் பாண்ட் வீலுக்கு ஓரளவு சுமை வேண்டும். சுமை இருந்தால்தான் மழுங்கிய பருக்கை உடைந்து புது முனை காட்டும், பாண்ட்டும் அதோடு தேயும். நிமிடத்துக்கு 10 மீட்டரில் ஓடியதை 6-க்கு இறக்கினால் பருக்கை வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கும், தேய்த்தால் சூடு, சூட்டில் இன்னும் மழுங்கும். பாண்ட் கடினமாக உள்ள வீலில் ஃபீடைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தாலே க்ளேஸ் விடுவதுண்டு.

வீலைத் திருப்பி மாட்டுவது

வீலில் அம்புக்குறி போட்டிருப்பது அழகுக்கு இல்லை. ஒரு திசையில் ஓடி ஓடி, ஒவ்வொரு வைரப் பருக்கைக்கும் பின்னால் பாண்ட் வால் மாதிரி நீண்டு முட்டுக் கொடுத்து நிற்கும். கழற்றி மாற்றி மாட்டினால் அந்த முட்டு முன்பக்கம் வந்துவிடும், பருக்கைக்குப் பின்னால் ஒன்றுமிருக்காது. முதல் சில கண்ணாடியிலேயே பருக்கைகள் கொட்டிவிடும். அப்புறம் வீலை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளாஞ்சைத் துடைக்காமல் மாட்டுவது: காய்ந்த கண்ணாடிப் பொடி சிமெண்ட் மாதிரி ஒட்டியிருக்கும், அதன் மேல் வீலை வைத்து இறுக்கினால் ரன்அவுட் (சுற்றும்போது வீல் ஆடுவது) வராமல் என்ன செய்யும். டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், ஒரே சீரான இடைவெளியில் சிப் வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

தடிமன் மாற்றும்போது உயரத்தை மறப்பது

கண்ணாடி கீழே வேக்யூம் கப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் 3.15-லிருந்து 4 மி.மீ.க்கு மாறும்போது கண்ணாடியின் நடுக்கோடு 0.425 மி.மீ. மேலே போகும். வீலையும் அவ்வளவு ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் குரூவின் மேல் உதடு அதிகமாக வெட்டும், மேல் பக்கம் அகலமாகவும் கீழே ஒன்றுமில்லாமலும் ஓரம் வரும். செட்டிங் சரியாக இருந்தும் இதற்கு நேர்மாறாக, கீழ்ப் பக்கம் அகலமாக வந்தால், கப் ரப்பர் தேய்ந்து கண்ணாடி தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஷைனருக்கு வீலைத் திட்டுவது

ஷைனர் என்பது ஓரத்தில் வீல் படாமல் தங்கும் பளபளப்பு. அது ஒரு பக்கம் மட்டும் என்றால் பொசிஷனிங், அதாவது கண்ணாடி உட்கார்ந்த இடம் தவறு. சுற்றிலும் என்றால் வீல் தேய்மானத்துக்கு காம்பன்சேஷன் கொடுக்கவில்லை, தேய்ந்த அளவுக்கு வீலைக் கண்ணாடி பக்கம் தள்ளவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக என்றால் கட்டிங் டேபிளுக்குப் போங்கள், வெட்டும்போதே பிசகியிருக்கும்.

புது வீலை முதல் கண்ணாடியிலேயே முழு ஃபீடில் விடுவது

வேண்டாம்.

கூலன்ட் டேங்க்

அடியில் படிந்த சேற்றை அள்ளுங்கள். அந்தப் பொடி சுற்றிச் சுற்றி வந்து நாசிலை அடைக்கும், பம்ப்பைத் தின்னும், கண்ணாடியில் கீறல் போடும். வாஷரில் போகாமல் தங்கினால் கறுப்பு பார்டர் பிரிண்டிலும் புள்ளியாகத் தெரியும், அங்கே இருப்பவர்கள் மையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். தண்ணீரில் கூலன்ட் மருந்து எத்தனை சதவீதம் என்பதை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், வாளி கணக்கில் ஊற்றாதீர்கள்.

வீலைச் சுத்தம் செய்து சப்ளையருக்கு அனுப்புவது

இத்தனையும் பார்த்த பிறகும் வீல்தான் காரணம் என்று பட்டால் தாராளமாகப் புகார் செய்யுங்கள், மோசமான லாட்டும் வரத்தான் செய்கிறது. ஆனால் அனுப்பும் முன் டிரெஸ் பண்ணி, பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று அனுப்பாதீர்கள். க்ளேஸ் ஆன குரூவைப் பார்த்தால்தான் அவர்களுக்கு ஏதாவது தெரியும். எந்த குரூவ், எத்தனை மீட்டர் ஓடியது, ஆம்ப்ஸ் எவ்வளவு, ஃபீட் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கெட்ட ஓரம் உள்ள துண்டு ஒன்றும் நல்ல துண்டு ஒன்றும் கூடவே வையுங்கள், எது மேல் பக்கம் என்று மார்க்கரில் எழுதி.