இம்பிளான்ட் வைத்த பிறகும் அந்த மாத்திரையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விறைப்புக்கான மாத்திரை கேட்காமல் போன பிறகுதான் பெரும்பாலும் ஆணுறுப்பில் இம்பிளான்ட், அதாவது விறைப்பைத் தரும் கருவி, வைக்கிறார்கள். பல வருடம் சர்க்கரை நோய் இருந்தவர்கள், புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்தான் இதில் அதிகம். அப்படியிருந்தும் ஆபரேஷன் முடிந்த கொஞ்ச நாளில் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "அண்ணே, அந்த நூறு ஒரு அட்டை குடுங்க" என்று குரலைத் தாழ்த்துகிறவர்கள் உண்டு. பழக்கதோஷம் பாதி, சந்தேகம் பாதி.

1998 இல் அமெரிக்காவில் வயாக்ரா என்ற பெயரில் வந்த சில்டெனாஃபில் ஆகட்டும், பிறகு வந்த டடாலாஃபில் ஆகட்டும், வேலை ஒன்றுதான். ஆணுறுப்புக்குள் பஞ்சு போன்ற இரண்டு அறைகள் இருக்கின்றன. மாத்திரை அங்குள்ள தசையையும் ரத்தக்குழாயையும் தளர்த்தி, ரத்தம் வந்து நிரம்ப வழி விடுகிறது. இம்பிளான்ட் வைக்கும்போது அதே இரண்டு அறைகளையும் விரித்துத்தான் உள்ளே சிலிண்டர்களைப் பொருத்துகிறார்கள். அதன் பிறகு விறைப்பு ரத்தத்தை நம்பியில்லை. வளைக்கும் வகை என்றால் கையால் நிமிர்த்த வேண்டும். பம்ப் வகை என்றால் விதைப்பையில் இருக்கும் பம்பை அழுத்த வேண்டும்; உப்புநீர் ஏறி சிலிண்டர் கெட்டிப்படும். தண்டை விறைக்க வைக்க மாத்திரைக்கு இனி வேலை இல்லை. ஆசையைக் கூட்டும் என்று நினைத்துப் போடுவதும் வீண். அது முன்பும் ஆசையைக் கூட்டியதில்லை.

சரி, போட்டால் என்ன கெட்டுவிடும்? சிலிண்டருக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து இதயத்துக்குத்தான். இந்த வயதில், அதுவும் சர்க்கரை உள்ளவர்களில், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் சட்டைப்பையிலேயே இருக்கும். சில்டெனாஃபிலும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்தும் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று சரியும். உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது என்பது மருத்துவர்களின் கணக்கு. தினமும் நைட்ரேட் சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரைகள் பக்கமே போகக்கூடாது.

இதில் ஒளித்துப் போடுவதுதான் பெரிய வினை. ராத்திரி நெஞ்சு வலிக்கிறது, வீட்டில் பதறிப்போய் சார்பிட்ரேட்டை எடுத்து வாயில் வைக்கிறார்கள். இவர் சாயங்காலம் போட்ட மாத்திரை வேறு யாருக்கும் தெரியாது. மனைவியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் 108 ஆம்புலன்ஸில் வருபவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அவர் கேட்பது வைத்தியத்துக்காக, வம்புக்காக இல்லை. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரையையும் போட்டால், அவர்களுக்கும் அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வாய்ப்பு உண்டு.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. இம்பிளான்ட் வைத்தாயிற்று, இனி அந்த வகை மாத்திரையே வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் நிறுத்திவிடுவது. டடாலாஃபில் 5 மில்லிகிராம் புராஸ்டேட் தொந்தரவுக்காகவும் தினசரி மாத்திரையாகத் தரப்படுகிறது. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்கு சில்டெனாஃபில் 20 மில்லிகிராம் தருவார்கள். இன்னொன்று, சிலிண்டர் மொட்டுப் பகுதிக்குள் போவதில்லை. அதனால் தண்டு கெட்டியாக இருந்தாலும் மொட்டு மெத்தென்று, சில்லென்று இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அதற்காகவே சில டாக்டர்கள் மாத்திரை தருவதுண்டு. பக்கத்து வீட்டுக்காரர் அட்டையைப் பார்த்து முடிவெடுக்கிற விஷயமில்லை இது.

மாத்திரையாவது டாக்டர் சொன்னால் போடலாம், ஊசி கூடவே கூடாது. ஆணுறுப்பில் நேரடியாகப் போடும் பாப்பாவெரின், அல்ப்ரோஸ்டாடில் ஊசிகள் ஆபரேஷனுக்கு முன்னால் சிலருக்குப் பழக்கமாகியிருக்கும். இப்போது அந்த ஊசி சிலிண்டரைக் குத்திவிடலாம், கிருமியையும் உள்ளே கொண்டு போகலாம். மிச்சம் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் ராயபுரம் பாலத்தடிச் சுவர் முதல் பெரம்பூர் வரை ஒட்டியிருக்கும் "ஆண்மைக் குறைவா?" போஸ்டர்கள். லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர்களுக்கு உங்கள் உடம்புக்குள் என்ன பொருத்தியிருக்கிறது என்பது தெரியாது. மூலிகை என்று விற்கும் சரக்கில் சில்டெனாஃபிலையே கலந்திருப்பது பல நாடுகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அளவும் தெரியாது, பெயரும் இருக்காது. நைட்ரேட் ஆபத்து இங்கே கண்ணுக்குத் தெரியாமல் வரும்.

பலர் மாத்திரையைத் தேடுவது அவசரத்தால். ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வரை உடலுறவு கூடாது; பம்பை இயக்கச் சொல்லித் தருவதும் ஏறக்குறைய அப்போதுதான். அதுவரை வலியும் வீக்கமும் இருக்கும். பம்ப் கைக்குப் பழகுவதற்குள், "சரியாக நிற்கவில்லை" என்று மெடிக்கலுக்கு ஓடுவதில் பயன் இல்லை. அழுத்தியது போதாமல் இருக்கலாம். நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது திடீரென்று ஏறவில்லை என்றால் உப்புநீர் கசிந்திருக்கலாம். இரண்டையும் ஆபரேஷன் செய்த டாக்டர்தான் பார்க்க வேண்டும். அவரிடம் போக முடியாதவர்களுக்கு ஓல்டு ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே யூராலஜி பிரிவும் இருக்கிறது.

காய்ச்சல், தையலில் சீழ், விதைப்பை சிவந்து நாளுக்கு நாள் கூடும் வலி, பம்ப் தோலோடு ஒட்டிக்கொண்டது போல நகராமல் இருப்பது: இவை கிருமித் தொற்றின் அடையாளங்கள். அன்றைக்கே போக வேண்டும். வேறு எந்த நோய்க்காக அட்மிட் ஆனாலும், சிறுநீர்க் குழாய் போட வரும் நர்ஸிடம் முதலிலேயே இம்பிளான்ட் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.